அன்றாட வேலைக்கு எந்தக் கணினி போதும்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும், ரொம்ப செலவு பண்ண முடியாது, எது நல்லா இருக்கும்?" கடைக்கு வருபவர்கள் எங்களிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கவுன்ட்டரில் கூட்டம் நிற்கும்போது நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அவசரத்தில் சொன்னதைக் கேட்டு ஒருவர் தேவைக்கு மேல் செலவு செய்துவிடக் கூடாது என்பதால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

மின்னஞ்சல், இணையம், கடிதம் அடிப்பது, எக்செலில் வரவு செலவு எழுதுவது, வீடியோ அழைப்பு, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, யூடியூப், பிரிண்ட். உங்கள் வேலை இவ்வளவுதான் என்றால், இன்று விற்கும் சாதாரண பிராசசரே (கணக்கிட்டு வேலை செய்யும் சிப்) தாராளம். நீங்கள் கடிதம் அடித்துக்கொண்டிருக்கும்போது பிராசசர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. பிறகு ஏன் கணினி இழுத்து இழுத்து ஓடுகிறது? டிஸ்கிலிருந்து தகவல் வருவதற்காகக் காத்திருக்கிறது, அல்லது ரேமில் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) இடம் போதாமல் திணறுகிறது. அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். கையில் இருக்கும் பணத்தை முதலில் இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள். இந்த மடலில் நாங்கள் சொல்ல வந்ததும் இதுதான்.

வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் ஆன் செய்து, கை வைத்து டைப் செய்யும் பக்கம் காதைக் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். உள்ளே ஏதோ சுழலும் சத்தமும் நடுநடுவே 'கரக் கரக்' என்ற ஒலியும் வந்தால், அதில் இருப்பது ஹார்ட் டிஸ்க். பொதுவாக நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு, அதன்மேல் அங்குமிங்கும் நகர்ந்து படிக்கும் ஒரு முனை. ஒரு கோப்பு இருக்கும் இடத்துக்கு அந்த முனை போய்ச்சேர ஒவ்வொரு முறையும் 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. விண்டோஸ் தொடங்கும்போது சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கோப்புகளைப் படிக்க வேண்டியிருப்பதால், முனை அலைந்துகொண்டே இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, பிராசசர் 10, 15 சதவீதத்தில் இருந்தால், எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வருவது, தகவலைச் சிப்பில் வைத்திருக்கும். அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஹார்ட் டிஸ்குக்கு 10 மில்லி விநாடி பிடிக்கும் வேலையை இது 0.1 மில்லி விநாடி அளவில் முடித்துவிடும். அதனால், புதியது வாங்குவதற்கு முன் பழையதை ஒருமுறை கடைக்குக் கொண்டுவாருங்கள். பின்மூடியைக் கழற்றி, 2.5 அங்குல ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே இணைப்பில் பொருந்தும் சாட்டா வகை எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே இதில் நகல் எடுத்துத் தருவோம். ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் அதையும் கூட்டலாம். தூக்கிப்போட நினைத்த பல லேப்டாப்கள் இந்த ஒரு வேலையால் மறுபடி ஓடத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். புதியது விற்றால் எங்களுக்கு லாபம் கூடுதல் என்பது உண்மைதான். ஆனாலும் தேவையில்லாத ஒன்றை உங்கள் தலையில் கட்ட எங்களுக்கு மனமில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் பிராசசர் இன்டெலில் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இன்னொரு பிராசசர் நிறுவனமான ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தேவை. உங்களுடையது அதைவிடப் பழையது என்றால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நாங்கள் போட்டுத் தருகிறோம். காசு கிடையாது, பார்ப்பதற்கும் விண்டோஸ் மாதிரியே இருக்கும். பிரவுசரும் கடிதமும் மட்டும் என்றால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

புதியதுதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், 8 ஜிபி ரேமுக்குக் கீழே போகாதீர்கள். பிரவுசரில் இருபது டேப் திறந்து வைத்துக்கொண்டே வீடியோ அழைப்பும் பேசுபவர் என்றால் 16 ஜிபி வாங்குங்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது அது நிறுவப்படுவதற்கான அளவு. அதை வைத்து நிம்மதியாக வேலை செய்ய முடியாது. ரேம் நிரம்பியதும் மிச்சத்தை டிஸ்கில் எழுதிச் சமாளிக்கும், அங்கே ஆரம்பிக்கும் தாமதம். ரேம் பின்னால் கூட்டக்கூடியதா, போர்டிலேயே சோல்டர் செய்ததா (நிரந்தரமாகப் பற்றவைத்ததா) என்றும் கேளுங்கள். சோல்டர் செய்ததை ஆயுசுக்கும் மாற்ற முடியாது.

மலிவான புது லேப்டாப்களில் '64 ஜிபி இஎம்எம்சி' (எஸ்எஸ்டியைவிட மெதுவான, மலிவான சேமிப்புச் சிப்) என்று போட்டிருந்தால் தயவுசெய்து எடுக்காதீர்கள். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபிதான். இரண்டு பெரிய அப்டேட் வந்ததும் இடமில்லை என்று நின்றுவிடும். பெரும்பாலும் அதுவும் சோல்டர் செய்ததாகவே இருக்கும். 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். புகைப்படங்கள் நிறைய சேரும் வீடு என்றால் 512 வாங்கலாம்.

பிராசசர் பெயரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அண்மையில் ஓர் அம்மா வந்து, "தம்பி, பையன் ஐ7தான் வாங்கணும்னு சொல்லிட்டான், இது ஐ7 தானே?" என்று செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்றைக் காட்டினார். ஐ7தான். ஆனால் 2016-இல் வந்த ஐ7-7500யூ, அதில் இருப்பது இரண்டே கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). 2022-இல் வந்த ஐ3-1215யூவில் ஆறு கோர்கள். பெயரில் உள்ள 3, 5, 7 அந்தந்த ஆண்டின் வரிசைக்குள் மட்டுமே பொருள் தரும். ஆண்டு மாறினால் தலைமுறை எண்ணைப் பார்க்க வேண்டும் (ஐ7-7500யூவில் அது 7, ஐ3-1215யூவில் 12). அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது வெளியூரில் இருக்கும் பேத்தியோடு வீடியோவில் பேசுவதும், சங்கத்தின் கணக்கு எழுதுவதும். கடைசியில் ஐ3 எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் ஒரு நல்ல ஹெட்செட் வாங்கிப் போனார்.

ஏஎம்டியிலும் இதே குழப்பம் உண்டு. ரைசன் 3 7320யூ என்றால் 7 என்று தொடங்குவதால் புத்தம் புதியது போலத் தோன்றும். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 2 என்பது ஜென் 2, அதாவது 2019-இல் வெளிவந்த வடிவமைப்பு. அன்றாட வேலைக்கு அது தாங்கும், ஆனால் புதியதற்கான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள். இன்டெல் என்100 நான்கு கோர் கொண்டது, 2023-இல் வந்தது, 6 வாட் அளவில் ஓடுவதால் சூடும் குறைவு. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் சேர்ந்திருந்தால் வீட்டு வேலைக்கு இதை நாங்கள் தயங்காமல் சொல்வோம். செலெரான் என்4020 போன்ற இரண்டு கோர் பிராசசர்களை இன்னும் சிலர் விற்கிறார்கள். வேண்டாம்.

ஒரே இடத்தில் வைத்துத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் லேப்டாப் எதற்கு? டெஸ்க்டாப்போ, உள்ளங்கையில் அடங்கும் மினி பிசியோ வாங்கி, கண் மட்டத்தில் ஒரு மானிட்டர் வையுங்கள். கழுத்து வலிக்காது. ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கரன்ட் அடிக்கடி போகும் இடமாக இருந்தால் யூபிஎஸ் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்தான் என்றால் திரை 1920 x 1080, ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகை). 1366 x 768 திரையில் எக்செலைத் திறந்தால் வரிசைகள் குறைவாகத் தெரியும், நாள் முழுக்கக் கீழே உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் திரைக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், நிறம் வெளிறினால் அது பெரும்பாலும் மலிவான டிஎன் பேனல். கீபோர்டில் ஒரு பத்தி அடித்தும் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

குறைந்த விலைக்கு நல்ல பொருள் கிடைப்பது, அலுவலகங்களில் ஓடித் திரும்பிய திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் வரிசை லேப்டாப்களில். உறுதியான உடல், எளிதில் கழற்றக்கூடிய அமைப்பு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. 8-ஆம் தலைமுறைக்கு முந்தையது வேண்டாம். திரையைத் திறந்து மூடும்போது கீல் நெரிகிறதா, எல்லா யூஎஸ்பி துளைகளும் வேலை செய்கின்றனவா, பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) முந்தைய நிறுவனத்தின் பாஸ்வேர்டு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. பேட்டரியின் கொள்ளளவு புதிதாக இருந்தபோது 50 வாட் மணி, இப்போது முழுச் சார்ஜில் 28 என்று காட்டினால், கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. பேட்டரி மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். விண்டோஸ் முறையான உரிமத்தோடு வருகிறதா என்றும் கேளுங்கள். திருட்டு ஆக்டிவேட்டர்களை நாங்கள் போடுவதில்லை. அதற்குள் என்ன வைரஸ் ஒளிந்திருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

எல்லா வேலையும் பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடும் என்றால், விண்டோஸுக்குப் பதிலாகக் கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் க்ரோம்புக் லேப்டாப்பும் நல்லதே. 2021 முதல் வந்தவற்றுக்குக் கூகுள் 10 ஆண்டு அப்டேட் தருகிறது. அந்தப் பத்தாண்டு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்காது. அந்த வகைக் கருவி முதலில் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. பழைய ஸ்டாக் என்றால் செட்டிங்ஸில் கடைசி அப்டேட் தேதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மென்பொருளுக்கு அதிகம் செலவு வேண்டாம். லேப்டாப்போடு வரும் ஆஃபீஸ் பல நேரம் ஒரு மாத டிரையல்தான், அது முடிந்ததும் பணம் கேட்கும். கடிதமும் கணக்கும் லிப்ரேஆஃபீஸில் இலவசமாகவே ஆகும். வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸின் டிஃபென்டர் போதும். 'எஸ் மோட்' என்று இருந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவற்றை மட்டுமே போட முடியும். அதிலிருந்து இலவசமாக வெளியே வந்துவிடலாம், ஆனால் வந்தபின் திரும்பிப் போக முடியாது.

கடைக்கு வரும்போது என்னென்ன வேலைக்கு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பழைய கணினியையும் சார்ஜரோடு எடுத்து வாருங்கள். அதன் டிஸ்கைக் கழற்றி ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டுத் தருகிறோம், புகைப்படங்களுக்கு இரண்டாவது நகலாக வீட்டில் இருக்கட்டும். புதியது எடுத்தால் பில் போட்டதும் கிளம்பிவிடாதீர்கள். பெட்டியை இங்கேயே பிரித்து ரேம், எஸ்எஸ்டி, திரை, கேமரா எல்லாவற்றையும் உங்கள் கண் முன்னால் சரிபார்த்து, உங்கள் மின்னஞ்சலையும் அதில் திறந்து காட்டிய பிறகுதான் அனுப்பிவைப்போம்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்