பின்வாசலில் இரவுச் சரக்கு லாரிகளை நிறுத்தக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
வணிக வளாகப் பின்வாசல் தெருக் குடியிருப்போர்

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: வணிக வளாகப் பின்வாசலில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சரக்கு இறக்கத் தடை விதிக்கவும், அதுவரை இரண்டாம் கட்டட அனுமதியை நிறுத்தி வைக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்பு அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் பணிச்சுமையை அறிந்தே மீண்டும் எழுதுகிறோம். முதல் மனுவை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினோம். இரண்டாவதைக் குறைதீர் நாளில் தங்கள் கையிலேயே கொடுத்தோம், "பார்க்கிறேன்" என்றீர்கள். மூன்றாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்; ஒப்புகை அட்டை மட்டும் கையெழுத்தோடு திரும்பி வந்தது.

இடம் தாங்கள் அறிந்ததுதான். வளாகத்தின் முகப்பு பெரிய சாலையைப் பார்த்திருக்கிறது. திறப்பு விழாவுக்குத் தாங்கள் வந்து இறங்கியதும் அந்தப் பக்கம்தான். நாங்கள் குடியிருப்பது அதன் முதுகுப் பக்கம்.

1. கடை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களில் பலர் சோப்பு வாங்குவதே அங்குதான். பிறகு யாரும் அதைச் சொல்லி எங்கள் வாயை அடைக்க வேண்டாம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

2. எங்களைக் கொல்வது இரவு லாரிகள். தெரு குறுகல், லாரி நேராக உள்ளே போக வழியில்லை. வளைவில் நின்று, பின்னோக்கி, மறுபடி முன்னோக்கி, மறுபடி பின்னோக்கி என்று மூன்று நான்கு முறை ஒடித்துத்தான் வாசலுக்குள் நுழைகிறது. பின்னோக்கி வரும்போதெல்லாம் "பீப் பீப்" என்ற அந்த அலறல். பிறகு ஷட்டர் தூக்கும் சத்தம். இரும்புப் பலகை மேல் டிராலிகள் கடகடவென்று இறங்கும். குளிர்பதன லாரியாக இருந்தால் உள்ளே இருக்கும் சரக்கு கெடாமலிருக்க கம்ப்ரசரை அணைக்கவே மாட்டார்கள். இறக்கி முடிகிற வரை உறுமிக்கொண்டே நிற்கும். அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது, ஐயா. எதிர் வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒரு நோட்டில் நேரம் குறித்து வருகிறார்: 1.40, 2.25, 3.10, 4.05. இது ஒரே இரவின் கணக்கு. நகலை இணைத்திருக்கிறோம்; பக்கம் போகப் போக அவர் கையெழுத்து எப்படிக் கோணலாகிறது என்று தயவுசெய்து பாருங்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண் இந்த மனுவில் கையெழுத்துப் போட வந்தபோது உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

3. வளாகத்தார் ஓர் ஒலி அளவு அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். இரவு முழுவதுக்குமான சராசரியாம். சராசரியில் யாராவது கண் விழிப்பார்களா? 75 டெசிபலில் ஒரு நிமிடம் அலறட்டும். மீதி நேரம் முழுக்க அமைதியாக இருந்தால், எட்டு மணி நேரச் சராசரியில் அது 48 என்று சாதுவாகிவிடும். ஆனால் தூக்கம் கலைவது அந்த ஒரு நிமிடத்தில்தானே! உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், படுக்கையறைக்குள் தொடர் ஓசை 30 டெசிபலுக்குள்ளும், திடீரென்று எழும் தனி ஓசை 45-க்குள்ளும் இருக்க வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியாகவே சொல்லியிருக்கிறது. அந்த இரண்டாவது எண்ணைப் பற்றி அறிக்கையில் மூச்சே இல்லை. அதைப் படித்துப் பார்த்துத்தான் கோப்பில் சேர்த்தார்களா?

4. மழைநீர். வாகன நிறுத்தத்துக்காக மண்ணை மூடித் தளம் போட்டுவிட்டார்கள். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஹெக்டேர் தளத்தில் 5 லட்சம் லிட்டர் தண்ணீர் விழும். சரிவு எங்கள் தெருப் பக்கம். இதற்குத் தனி மனு தருவோம். இப்போது தூக்கம்தான் முக்கியம்.

5. இப்போது இரண்டாம் கட்டடம் வேண்டுமாம். அதற்கும் இதே பின்வாசல்தானாம். இருக்கிற லாரிகளுக்கே பதில் சொல்லாதவர்களுக்கு இன்னும் லாரிகளா? நாங்கள் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டோம்? பகலில் இறக்குங்கள் என்கிறோம். சரக்கு வாசலைப் பெரிய சாலைப் பக்கம் மாற்றுங்கள் என்கிறோம். "பீப்" அலறலுக்குப் பதிலாக "ஷ்ஷ்" என்று இரையும் அலாரம் இருக்கிறது. பின்னால் நிற்பவரை அதுவும் எச்சரிக்கும், தெருக்கோடி வரை ஊரை எழுப்பாது. அதையாவது மாட்டச் சொல்லுங்கள். மூன்று மனுக்களிலும் இதையேதான் எழுதினோம். யாராவது படித்தீர்களா, ஐயா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். தூக்கம் கெட்டவர்களின் எழுத்து இது. இரவு 10 முதல் காலை 6 வரை அந்தப் பின்வாசலைப் பூட்ட உத்தரவிடுங்கள். அதைச் செய்யும் வரை இரண்டாம் கட்டடத்துக்கு அனுமதி தராதீர்கள். மறுபடியும் கேட்கிறோம்: பூட்ட உத்தரவிடுங்கள்.

நேரில் பார்க்க விரும்பினால் எந்த நாள் இரவும் மூன்று மணிக்கு வரலாம். மாடியில் நாற்காலி போட்டு வைக்கிறோம். முன்கூட்டித் தகவல் தர வேண்டாம். நாங்கள் விழித்துத்தான் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பின்வாசல் தெருக் குடியிருப்போர்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், ஒப்புகை அட்டை நகல், இரவுக் குறிப்பு நோட்டின் நகல்.