உறைபனியில் வெறுங்கால் ஓட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்வெளி உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கும். அந்த உறைபனியில் சில இளைஞர்கள் வெறுங்காலோடு ஓடுவதைப் பார்க்கிறேன். கேட்டால், "அபேபே பிக்கிலா ஓடலையா சார்?" என்கிறார்கள். ஓடினார்தான், அந்த எத்தியோப்பிய வீரர் 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடி ஜெயித்தார். ஆனால் அது செப்டம்பர் மாதம், தம்பி! 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டும் அவரே ஜெயித்தார்.

வெறுங்கால் ஓட்டத்துக்கு நான் எதிரி அல்ல. முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். பாதி நாள் செருப்பில்லாமல்தான் மைதானத்தில் நின்றேன். ஒரு டிசம்பரில் மரத்துப்போன காலோடு ஓடி முடித்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் ரத்தத் தடத்தைப் பார்த்து மனைவி கத்திய பிறகுதான் உள்ளங்காலில் கண்ணாடிச் சில் ஏறியிருந்தது தெரிந்தது. குளிரில் உணர்ச்சி போய்விடும், வலி சொல்லாது. அதுதான் ஆபத்து.

எனவே ஷூவோடு ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு, ஈரமில்லாத தரையில் ஐந்து நிமிடம் மட்டும் வெறுங்காலோடு ஓடுங்கள். விரல் மரத்துப்போனால் உடனே நிறுத்துங்கள். வந்ததும் கொதிக்கும் வெந்நீரில் காலை வைக்காதீர்கள், சூடு தெரியாமல் வெந்துவிடும். விரலிடுக்கைத் துடைத்து, குதிகால் வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவி, கம்பளி சாக்ஸ் போடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த விளையாட்டே வேண்டாம்.

மைதானத்தில் பாட்டில் உடைப்பவர்களைப் பற்றி இன்னொரு கடிதம் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
உதகமண்டலம்