டீவி கொழும்புக்கு வந்தது 1982 இல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் தொலைக்காட்சி பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியதோடுதான் நாட்டுக்கு டீவி வந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. ரூபவாஹினி தொடங்கிய திகதி சரி. டீவி வந்த திகதிதான் பிழை. அதற்கு ஏறக்குறைய மூன்று வருடம் முன்பே ஜம்பட்டா வீதியில் ஒரு ஓட்டுக் கூரையில் ஏறி நின்று அன்டனா கட்டியவன் நான். பேசாமல் இருக்க முடியவில்லை.

1979 ஏப்ரல் 13. அன்று பெரிய வெள்ளி, அதனால்தான் எனக்குத் திகதி மறக்கவே மறக்காது. எனக்கு 21 வயது, ரேடியோ திருத்தும் கடையில் வேலை. அம்மாவும் தங்கச்சிகளும் வெள்ளை உடுத்துக்கொண்டு லூசியா கோவிலுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. செட்டியார் தெரு நகைக்கடை முதலாளி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று கொண்டுவந்து, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் மாஸ்டரைக் கூப்பிட்டிருந்தார். பன்னிப்பிட்டியில் ஒரு வீட்டிலிருந்து படம் அனுப்பப்போகிறார்களாம் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

அன்டனா வாங்க மாஸ்டருக்கு மனம் வரவில்லை. சிகரெட் பெட்டி அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டு, அலுமினியக் குழாயை ஒன்றரை முழத் துண்டுகளாக அறுத்து, மரச்சட்டத்தில் மீன்முள் மாதிரி வரிசையாக அடித்துக் கொடுத்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு கூரையில் ஏறினேன். பன்னிப்பிட்டி எங்களுக்குத் தென்கிழக்கு. பொரளைப் பக்கமாக முகத்தைத் திருப்பி, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினேன். கீழே யன்னலில் முதலாளியின் மகன் நின்று கத்துகிறான்: "வருது அண்ணே, வருது! ஆ... போச்சு! திருப்புங்க, பழையபடி திருப்புங்க!" ஓடு வெயிலில் காய்ந்து காலைச் சுட்டது. கடைசியில் கீழே ஒரு சத்தமும் இல்லை. என்னவோ ஏதோ என்று இறங்கிப் போனால், வீட்டுக்காரர், வேலைக்காரர், பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம், எல்லாரும் பெட்டிக்கு முன்னால் வாயைப் பிளந்தபடி நிற்கிறார்கள். என்ன படம் ஓடியது என்று கேட்டால் எனக்கு ஞாபகமில்லை. அம்மா வீட்டுக்கு வந்து என்ன சொன்னா என்பது மட்டும் நன்றாக ஞாபகம்.

அதுதான் ஐ.ரீ.என்., நாட்டின் முதல் டீவி நிலையம். ஷான் விக்கிரமசிங்கவும் அனில் விஜேவர்தனவும் தொடங்கியது. கொழும்பைச் சுற்றிப் பதினைந்து மைல் வரைதான் எட்டும். இரண்டு மாதம் கூட நிற்கவில்லை, ஜூன் 5 ஆம் திகதி அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆனால் ஒளிபரப்பு போய்க்கொண்டுதான் இருந்தது. பிறகு ஜப்பான் உதவியோடு சுதந்திர சதுக்கத்தில் ரூபவாஹினிக் கட்டடம் எழும்பி, பிதுருதலாகல உச்சியிலிருந்து, 2,524 மீற்றர் உயரத்திலிருந்து, நாடு முழுக்க அலை போனது. கண்டிக்காரருக்கு 1982 என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. கொழும்பானுக்கு 1979.

உங்கள் கட்டுரையாளர் அமைச்சர்களையும் திறப்பு விழாக்களையும் பற்றி எழுதிவிட்டார். வீட்டுக் கூரைகளை யாரும் எழுதவில்லை. கொழும்பில் டீவியின் முதல் எதிரி காகம். அன்டனாக் கம்பியில் நாலைந்து காகம் வரிசையாக உட்கார்ந்தால் கம்பி வளையும், அலை பிசகும், கீழே படம் இரண்டாகும். அடுத்த எதிரி கடல். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடல் பக்க வீடுகளுக்கு வருடத்துக்கு ஒரு தரமாவது போக வேண்டும். உப்புக்காற்றில் வயர் பூட்டும் திருகாணி பச்சை பிடித்து உதிர்ந்துவிடும். கிறீஸ் அப்பிவிட்டு வந்தால் ஆறு மாதம் தாங்கும். அந்தக் காலத்துத் தட்டை வயர் வெயிலில் வெடித்து உள்ளே மழைத்தண்ணி இறங்கினால் சரி, படத்துக்குப் பதிலாக அரிசி கொட்டும்.

லண்டன் பெட்டிகளின் கதை தனி. பிள்ளைகள் ஆசையாக அனுப்பிய, இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டி. போட்டால் ஒன்றும் வராது. இங்கே இரண்டு நிலையமும் அனுப்பியது வி.எச்.எஃப். அலையில், அங்கே விற்ற பெட்டி யூ.எச்.எஃப். என்ற வேறு அலை மட்டும் பிடிப்பது. இதை ஒரு தாய்க்கு விளங்கப்படுத்திப் பாருங்கள். "என் மகன் அனுப்பினது பழுதோ தம்பி?" என்று கண் கலங்குவா. 1992 இலும் 1993 இலும் எம்.ரீ.வி., ரீ.என்.எல். என்று தனியார் நிலையங்கள் யூ.எச்.எஃப். அலையில் வந்தபோது அந்தப் பெட்டிகளுக்குத் திடீரென்று உயிர் வந்தது. படம் வந்தது, குரல் வரவில்லை. லண்டன் பெட்டி ஒலியை 6 மெகாஹேர்ட்ஸில் தேடும், நாங்கள் அனுப்புவது 5.5 இல். உள்ளே ஒரு சின்ன ஃபில்டரை மாற்றிப் போட்டால் பேசும். இருபது நிமிட வேலை. பத்து வருடம் துணி போர்த்தி வைத்திருந்த பெட்டியைப் பேசவைத்துவிட்டு ஒரு வீட்டில் இரவுச் சாப்பாடும் சாப்பிட்டு வந்தேன்.

83 ஆடிக் கலவரத்தில் எங்கள் கடை எரிந்தது, திருத்த வந்திருந்த பெட்டிகளோடு சேர்த்து. நாலாம் நாள், 28 ஆம் திகதி, ஜனாதிபதி ஜே.ஆர். டீவியில் தோன்றிப் பேசினார். நாங்கள் முகாமில் இருந்தோம், அங்கே ஏது டீவி. பார்த்த சிங்கள நண்பர் ஒருவர் பிறகு சொன்னார்: உங்கள் சனத்துக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை கூட வரவில்லை என்று.

தமிழுக்கு வருகிறேன். 1998 இல் சக்தி டீவி வரும் வரை எங்களுக்குக் கிடைத்தது தமிழ்ச் செய்தி, சில நிகழ்ச்சிகள், எப்போதாவது ஒரு தமிழ்ப் படம். வசந்தம் டீவி வந்தது 2009 இல். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கே எவ்வளவு மரியாதை தெரியுமா? தமிழ்ப் படம் என்றால் எங்கள் தோட்டத்தில், அதாவது நெருக்கமாக வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பில், டீவி உள்ள வீட்டு வாசலில் செருப்புக் குவியும். தூத்துக்குடி உறவுக்காரர் எழுதிய கடிதம் இன்னும் வீட்டில் இருக்கிறது. "உங்க ஊர் டீவிதான் இங்க தெளிவாத் தெரியுது, அடுத்த படம் என்னன்னு விசாரிச்சு எழுதுங்க" என்று. கொடைக்கானலில் கோபுரம் எழும்பும் வரை அந்தக் கரைக்கு ரூபவாஹினிதான். ஆக, கொழும்புத் தமிழ் டீவியின் வரலாறு கொழும்போடு முடியவுமில்லை. இதில் ஒரு வரி கூட உங்கள் கட்டுரையில் இல்லை. தமிழ்ப் பத்திரிகை எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

இன்றைக்கு மொட்டைமாடியில் நின்றால் தாமரைக் கோபுரம் தெரிகிறது. 350 மீற்றர். ஒளிபரப்புக்கென்று எழுப்பியது, சனம் டிக்கட் வாங்கி ஏறிப் படமெடுக்கிறது. நல்லது, எடுக்கட்டும்.

நான் கேட்பது இரண்டு. ஒன்று, அந்தத் திகதியைத் திருத்திப் போடுங்கள். இரண்டாவது, என்னிடம் 19 வீடியோ கசெட் இருக்கிறது. 80 களின் கடைசியிலும் 90 களிலும் டெக் திருத்திச் சோதிக்கும்போது சும்மா பதிவுசெய்தது. பாதிப் படங்கள், நடுவில் தமிழ்ச் செய்தி, பழைய விளம்பரங்கள், ஒன்றில் 96 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அரவிந்த அடிக்கும் கடைசி ஓவர்கள். மூன்றில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, மற்றவையும் கனநாள் தாங்காது. என் டெக்கின் ஹெட்டும் தேய்ந்துவிட்டது, புதிது கிடையாது. கணினிக்கு மாற்றத் தெரிந்தவர்கள் உங்கள் வாசகர்களில் இருந்தால் அலுவலகத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். காசு வேண்டாம். நானே பையில் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன். சனிக்கிழமை மட்டும் முடியாது, பேரப்பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இப்படிக்கு,
பழைய டீவி திருத்துநர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13