தோற்ற விதத்தைப் பார்த்து உரிமம் கொடுங்கள்: குத்துச்சண்டை ஆணையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழில்முறை குத்துச்சண்டைக்கு உரிமம் வழங்கும் ஆணையங்களுக்கும் அவற்றின் மருத்துவக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

மோசமாக அடிவாங்கித் தோற்ற வீரர் பழைய ஃபார்முக்குத் திரும்புவாரா? ரசிகர்களுக்கு இது விவாதம். உங்களுக்கோ கையெழுத்துப் போட வேண்டிய முடிவு. அந்த முடிவை எடுக்க இன்று நீங்கள் பெரிதும் நம்புவது நாக் அவுட் ஆனாரா, எத்தனை நாள் இடைநீக்கம், எம்ஆர்ஐ சுத்தமாக இருக்கிறதா என்பவற்றைத்தான். அவை போதாது. தோல்வி எந்த விதத்தில் வந்தது என்பதை ரவுண்டு ரவுண்டாகப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

திரும்பி வந்தவர்களை முதலில் பாருங்கள். லெனாக்ஸ் லூயிஸ் 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் பிராக்பானில் ஹாசிம் ரஹ்மானின் ஒரே வலதுகைக் குத்தில் ஐந்தாம் ரவுண்டில் விழுந்தார். உயரமான ஊர், அங்கே தாமதமாகப் போய்ச் சேர்ந்தார், உடலும் கனத்திருந்தது. எல்லாம் திருத்தக்கூடிய தவறுகள். அதே ஆண்டு நவம்பரில் நான்காம் ரவுண்டில் ரஹ்மானை வீழ்த்திப் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை மீட்டார். விளாதிமிர் கிளிச்கோ 2003-இல் கோரி சாண்டர்ஸிடமும் 2004-இல் லாமன் புரூஸ்டரிடமும் விழுந்தபோது பலர் அவரைக் கைகழுவினார்கள். பயிற்சியாளர் எமானுவேல் ஸ்டூவர்டு அவரை, எதிராளியை இடது ஜாபின் (முன்னால் நீட்டிய கையால் விடும் நேர்க்குத்து) நீளத்துக்கு வெளியே நிறுத்தவும், உள்ளே வந்தால் கட்டிப்பிடித்து மேலே சாயவும், மூச்சைப் பங்கிட்டுச் செலவழிக்கவும் பழக்கினார். 2005-இல் சாமுவேல் பீட்டரிடம் மூன்று முறை கீழே விழுந்தும் புள்ளிகளில் வென்றார். 2006-இல் பட்டம் வந்தது. 2015 வரை இருந்தது. தோற்றபோது வயது 28தான் என்பதையும் மறக்கக்கூடாது. மேனி பாக்கியாவோ 2012 டிசம்பரில் மார்க்கேஸிடம் முகங்குப்புற விழுந்தபின் ஏறக்குறைய ஓராண்டு ரிங்குக்கே வரவில்லை. 2019-இல், 40 வயதில், கீத் தர்மனை வென்றார்.

இப்போது மறுபக்கம். மெல்ட்ரிக் டெய்லர் 1990 மார்ச் 17 அன்று ஹூலியோ சீசர் சாவேஸுடன் மோதிய சண்டையை உங்கள் குழு ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும். டெய்லருக்கு வயது 23, தோல்வியே அறியாதவர். மூன்று நடுவர்களில் இருவரின் புள்ளிகளில் முன்னிலையில் இருந்த அவரை, பன்னிரண்டாம் ரவுண்டு முடிய 2 நொடி இருக்கும்போது ரெஃப்ரி நிறுத்தினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் அந்த 2 நொடியைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் கண் போவது அதற்கு முந்தைய அரைமணி நேரத்தின் மீது. சாவேஸை விட அதிகமாக அடித்தது டெய்லர். கனமாக அடித்தது சாவேஸ். டெய்லரின் கண்குழி எலும்பு உடைந்தது, ஏராளமாக ரத்தத்தை விழுங்கினார், சிறுநீரகமும் அடிபட்டது. புள்ளிப் பட்டியலில் இதில் எதுவும் ஏறாது. பத்தே மாதத்தில், 1991 ஜனவரியில், அவர் வெல்டர்வெயிட் பட்டம் வென்றார். ‘தேறிவிட்டார்’ என்று எல்லோரும் நம்ப அது போதுமாக இருந்தது. 1992-இல் டெர்ரி நாரிஸ் நான்கு ரவுண்டில் முடித்தார். அதே ஆண்டு கிரிசாண்டோ எஸ்பானா எட்டில் முடித்தார். அதற்குப் பிறகும் 2002 வரை அவர் ரிங்கில் ஏற முடிந்தது. பேச்சு குழறியதுதான் மிச்சம்.

ஒரு வெற்றி, ஏன் ஒரு பட்டம் கூட, மூளை தேறியதற்குச் சான்று ஆகாது. ஒரே குத்தில் விழுகிறவருக்கு அத்தோடு அடிவாங்குவது நிற்கிறது. விழாமல் நிற்கிறவர் 200, 300 குத்துகளை வாங்கிக்கொண்டே போகிறார். ஆனால் நாக் அவுட் ஆனவருக்கு நீண்ட ஓய்வும், பன்னிரண்டு ரவுண்டு நசுங்கிப் புள்ளியில் தோற்றவருக்குக் குறைந்த ஓய்வும் என்பதுதான் பல இடங்களில் நடைமுறை.

அவசரமும் கெடுக்கும். ராய் ஜோன்ஸ் 2003 மார்ச்சில் 193 பவுண்டில் ஹெவிவெயிட் பட்டம் வென்று, அதே நவம்பரில் 175-க்கு இறங்கினார். 2004 மே மாதம் ஆன்டோனியோ டார்வர் அவரை இரண்டாம் ரவுண்டில் வீழ்த்தினார். நான்கே மாதத்தில் மறுபடி ஏறி, கிளென் ஜான்சனிடம் ஒன்பதாம் ரவுண்டில் விழுந்து நெடுநேரம் எழவில்லை. கால் வேகத்தையும் அனிச்சையையும் நம்பிக் கையைத் தாழ்த்தி ஆடியவர் அவர். அந்த வேகம் போனபின் மீதம் இருந்தது தாழ்ந்த கைகள் மட்டுமே.

எங்கள் கோரிக்கைகள் இவை. முதல் உரிமத்தின்போதே எம்ஆர்ஐ, நினைவாற்றல், எதிர்வினை வேகம் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். பிறகு அந்த வீரரை அவருடைய பழைய பதிவோடே ஒப்பிடுங்கள். சாதாரண எம்ஆர்ஐ நுண்ணிய சேதத்தைக் காட்டாது என்பது உங்கள் மருத்துவர்களுக்குத் தெரியும். ஒரே பத்தியை ஆண்டுதோறும் வாசிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள். முகமது அலியின் பழைய பேட்டிகளை அளந்த ஆய்வாளர்கள், 1968-இல் நொடிக்கு 4.1 அசையாக இருந்த அவர் பேச்சு 1981-க்குள் 3 அசையாக இறங்கியதைக் கண்டார்கள். இதற்குத் தேவை ஒரு கைப்பேசிதான்.

ஸ்பேரிங் (ஜிம்மில் நடக்கும் பயிற்சிச் சண்டை) கணக்கையும் கேளுங்கள். தோற்றவர் ரிங்கில் வாங்கியதைவிட ஜிம்மில் அதிகம் வாங்குவார். அதை எழுதி வைப்பவர் யாரும் இல்லை. தலையில் பலமாக அடிவாங்கியவருக்கு முதல் 90 நாள் தலைக்கு ஒரு குத்தும் கூடாது. தலைவலி, தூக்கக்கேடு, வெளிச்சத்தில் கூச்சம் மூன்றும் நின்ற பிறகே ஓட்டமும் ஷேடோ பாக்ஸிங்கும் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), அடுத்து பேக் (தொங்கும் பை), பேட் (பயிற்சியாளர் கையில் பிடிக்கும் திண்டு), பிறகு 16 அவுன்ஸ் க்ளவுஸில் உடம்புக்கு மட்டும் ஸ்பேரிங், கடைசியாகத் தலை. ஒரு படியில் தலைவலி வந்தால் முந்தைய படிக்கு இறக்குங்கள்.

இறுதியில், உரிமம் தருவதற்கு முன் உங்கள் கண்காணிப்பாளர் ஒருவர் ஜிம்முக்குப் போய் எட்டு ரவுண்டு பேட் வேலையைப் பார்க்கட்டும். பழைய வீடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஜாப் போன வேகத்தில் தாடைக்குத் திரும்புகிறதா, இடுப்பளவில் தங்குகிறதா? குத்தியபின் கால் நகர்கிறதா, நட்டுவைத்ததுபோல் நிற்கிறதா? முன்பு தலையசைத்துத் தவிர்த்த நேர் ஜாபை இப்போது வாங்குகிறாரா? ஆறாம் ரவுண்டுக்குப் பிறகு இது பளிச்சென்று தெரியும்.

1980-இல் அமெரிக்காவின் நெவாடா மாநில ஆணையம் அலியைப் பரிசோதனைக்காக மேயோ கிளினிக் மருத்துவமனைக்கு அனுப்பியது. ஒற்றைக்காலில் எதிர்பார்த்த அளவு லாவகமாகக் குதிக்கவில்லை, விரலால் மூக்கைத் தொடும் சோதனையில் சற்றுத் தவறியது என்று அறிக்கை குறித்திருந்தது. ஆனாலும் உரிமம் கிடைத்தது. அக்டோபரில் லாரி ஹோம்ஸ் அடித்த அடியில் பத்து ரவுண்டு முடிந்ததும் அலியின் கார்னர் (பயிற்சியாளர் குழு) சண்டையை நிறுத்தியது. மறு ஆண்டு அவர் அமெரிக்காவுக்கு வெளியே, பஹாமாஸின் நசாவுக்குப் போய் ட்ரெவர் பெர்பிக்குடன் மோதினார். அமெரிக்காவில் 1996 சட்டப்படி நாக் அவுட்டுக்காகவோ தொடர் தோல்விக்காகவோ ஒரு மாநிலம் இடைநீக்கியவர் வேறு மாநிலத்தில் ஆட முடியாது. அந்தக் கட்டுப்பாடு நாட்டின் எல்லையோடு நிற்கிறது. நாடு கடந்தும் ஒருவர் இடைநீக்கத்தை மற்றவர் மதிப்போம் என்று ஆணையங்கள் தங்களுக்குள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வீரரின் அடிப்படைப் பதிவுகளும் ஒலிப்பதிவும் அவரோடு சேர்ந்து பயணிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கார்னரில் நிற்கும் பயிற்சியாளர்கள் சிலர்