இணையத்துக்கும் அனுமதி கேளுங்கள்: ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆண்ட்ராய்டையும் ஐபோனை இயக்கும் ஐஓஎஸ்ஸையும் உருவாக்கும் பொறியாளர்களுக்கும், புதிய போனில் எது திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்களுக்கும் வணக்கம்.

ஒரு செயலி என் கேமராவைத் தொட வேண்டுமானால் என்னைக் கேட்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று அறிய வேண்டுமானாலும் கேட்கிறது. இந்த ஒரு முறைக்கு மட்டும் சரி என்று சொல்லும் உரிமையைக்கூட எனக்குத் தருகிறது. மைக், புகைப்படங்கள், தொடர்பு எண்கள் எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய மொபைல் டேட்டாவை எடுத்துக்கொள்ள மட்டும் யாரும் என்னைக் கேட்பதில்லை. ஆண்ட்ராய்டின் கணக்கில் இணைய அணுகல் என்பது 'சாதாரண' வகை அனுமதி. செயலியை நிறுவும்போதே அது தானாகக் கிடைத்துவிடும். கேள்வி எழாது, மறுக்கவும் வழியில்லை. டார்ச் விளக்கை ஏற்றி அணைக்கும் செயலிக்கும் இணையம் உண்டு, கால்குலேட்டருக்கும் உண்டு.

இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். மற்றவையெல்லாம் இதன் கிளைகள்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0, டேட்டா பயன்பாட்டை வரைபடமாகக் காட்டியது. எச்சரிக்கைக்கு ஒரு கோடு, துண்டிப்புக்கு ஒரு கோடு; இரண்டையும் விரலால் இழுத்து வைக்கலாம். அழகான வேலை அது. எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்பதை அந்த ஒரே திரையில் பார்க்க முடிந்தது. 2016இல் ஆண்ட்ராய்டு 7.0 டேட்டா சேமிப்பானைக் கொண்டுவந்தது. 2019இல் ஐஓஎஸ் 13 குறைந்த டேட்டா பயன்முறையைத் தந்தது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை செலவான பிறகு கணக்குச் சொல்பவை, அல்லது சிக்கனமாக இருக்கும்படி செயலிகளைப் பணிவாகக் கேட்டுக்கொள்பவை. வீட்டில் தண்ணீர் மீட்டரைப் பொருத்திவிட்டு, குழாய்க்குத் திருகு வைக்காமல் போனது போல இருக்கிறது.

டேட்டா சேமிப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் இல்லாத செயலி பின்னணியில் டேட்டா எடுப்பதை அது தடுக்கிறது. நல்லது. ஆனால் திறந்து வைத்திருக்கும் செயலியை அது நிறுத்துவதில்லை. சேமிப்பான் இயங்குகிறதா என்று செயலி உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்; தெரிந்துகொண்டு படத்தின் தரத்தைக் குறைக்கலாம், வீடியோவைத் தானாக ஓட விடாமல் இருக்கலாம். ஐஓஎஸ்ஸிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான்: இந்த இணைப்பில் டேட்டாவைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்ற செய்தி செயலிக்குப் போகிறது. அதற்கு மேல் எல்லாம் செயலியின் நல்லெண்ணம். அந்த நல்லெண்ணம் எல்லாச் செயலிகளிடமும் ஒரே அளவில் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

முன்னணியில், அதாவது திரையில் திறந்த நிலையில், ஓடும் செயலிதான் டேட்டாவை விழுங்குகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, ஒரு பெருக்கல் போதும். நொடிக்கு 160 கிலோபிட் வேகத்தில் பாட்டு கேட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 72 எம்பி ஆகும். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் வரும் வீடியோவுக்கு அதே ஒரு மணி நேரத்தில் 2.25 ஜிபி. அதாவது முப்பது மடங்குக்கும் மேல். எழுத்துச் செய்தி இந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. தேடாத வீடியோ, விரல் நகர்த்தும்போது தானாக ஓடத் தொடங்கும் வீடியோ, இடையில் நுழையும் விளம்பர வீடியோ, இவை எல்லாமே முன்னணியில் நடப்பவை. இதே கணக்கை வைத்து இன்னொன்றையும் பாருங்கள்: மூல ஆண்ட்ராய்டில், அதாவது போன் தயாரிப்பாளர்கள் கைவைக்காத ஆண்ட்ராய்டில், டேட்டா எச்சரிக்கை பல காலமாக 2 ஜிபியில்தான் தொடங்குகிறது. ஒரு மணி நேர வீடியோவிலேயே தாண்டிவிடும் அளவு அது. எப்போதும் அடிக்கும் மணியை யார் கவனிப்பார்கள்?

செயலிகளுக்குள் இருக்கும் அமைப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் எதைத் தானாக இறக்கலாம் என்பதை மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கிறார்கள். தெளிவான ஏற்பாடு, பாராட்டலாம். ஆனால் அதே கேள்விக்கான விடையை வீடியோ செயலியில் வேறோர் இடத்தில் தேட வேண்டியிருக்கிறது, சமூக ஊடகச் செயலியில் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் பெயர் வேறு, இடம் வேறு. ஒரு செயலியைத் திரும்ப நிறுவினால் மீண்டும் முதலிலிருந்து. வயதான பெற்றோரின் போனில் இவை எல்லாவற்றையும் தொலைபேசி வழியாகச் சொல்லிச் சரிசெய்ய முயன்றவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

இனி வரம்பு. ஆண்ட்ராய்டில் வரம்பு உண்மையிலேயே வேலை செய்கிறது. குறித்த அளவு வந்ததும் மொபைல் டேட்டா நிற்கிறது. ஆனால் கணக்குச் சுழற்சி என்று அது கேட்பது மாதத்தின் ஒரு தேதியைத்தான். என் திட்டம் 28 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுமானால் அந்தத் தேதி ஒவ்வொரு மாதமும் நகரும். நானும் அதைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அளந்து தரும் திட்டமானால் மாத வரம்பால் பயனே இல்லை. சில போன் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்த மென்பொருளில் நாள் வரம்பைச் சேர்த்திருக்கிறார்கள். ஆக, முடியாத காரியம் அல்ல. மூல அமைப்பில் யாருக்கும் அது முக்கியமாகப் படவில்லை, அவ்வளவுதான்.

ஐபோனில் வரம்பே இல்லை. செயலிவாரியாக மொபைல் டேட்டாவை அணைக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் ஆப்பிள் மூல ஆண்ட்ராய்டை விட ஒரு படி மேல். ஆனால் 'நடப்புக் காலம்' என்று காட்டும் எண், பெரும்பாலான இணைப்புகளில் நாம் கடைசியாக அழித்த நாளிலிருந்து கூடிக்கொண்டே போகிறது. அழிக்காதவருக்கு அது பல மாதங்களின், சிலருக்குப் பல ஆண்டுகளின் மொத்தம். அழிப்பதற்கான பொத்தானோ, செயலிகளின் நீண்ட பட்டியலைத் தாண்டி அடியில் கிடக்கிறது. மாதக் கணக்கை அறிய விரும்புபவர் மாதந்தோறும் நினைவு வைத்துக்கொண்டு அங்கே இறங்கிப் போக வேண்டும். அதைக் கணிப்பொறி செய்யாமல் மனிதன் செய்வது என்ன நியாயம்?

நல்ல இணைப்பு வேண்டும் என்ற நோக்கில் நீங்கள் சேர்த்த சிலவும் செலவை மறைக்கின்றன. 2015இல் ஐஓஎஸ் 9 கொண்டுவந்த வைஃபை அசிஸ்ட், வைஃபை பலவீனமானால் மொபைல் டேட்டாவுக்குத் தாவுகிறது. இதனால் எவ்வளவு செலவானது என்று அந்தப் பொத்தானின் அருகிலேயே காட்டுகிறீர்கள், சரி. ஆனால் அது தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் வருகிறது. வைஃபையில் இருக்கிறோம் என்று நம்பிப் படம் பார்ப்பவர் எதற்காக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கப் போகிறார்? ஹாட்ஸ்பாட்டில் இணைத்த மடிக்கணினியின் கதையும் இதுதான். 'அளவிடப்படும் இணைப்பு' என்று நாமே குறித்து வைக்காவிட்டால், அது இன்னொரு வைஃபை என்று எண்ணி விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கிவிடலாம்.

அனுமதி கேட்டால் மக்கள் சலித்துப்போவார்கள், பார்க்காமலே சம்மதம் கொடுத்துவிடுவார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படியே வைத்துக்கொள்வோம். பார்க்காமல் சம்மதிப்பவருக்கு இன்றைய நிலையை விட எதுவும் மோசமாகிவிடாது. பார்த்து மறுப்பவருக்கு ஆதாயம். செயலிகள் உடைந்துவிடும் என்ற வாதமும் நிற்காது. விமானப் பயன்முறையிலும், சிக்னல் இல்லாத இடத்திலும் அவை சமாளிக்கத்தான் செய்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது. சீனாவில் விற்கப்படும் ஐபோன்களில் புதிய செயலியை முதல் முறை திறக்கும்போது அது வயர்லெஸ் டேட்டாவைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி வருகிறது. வைஃபையும் மொபைல் டேட்டாவும், வைஃபை மட்டும், எதுவும் வேண்டாம் என மூன்று விடைகள். நான் கேட்பது அந்தத் திரையைத்தான். அது எழுதப்பட்டுவிட்டது, சோதிக்கப்பட்டுவிட்டது, கோடிக்கணக்கானவர்களின் கையில் இருக்கிறது. ஓரிடத்தில் பயனரைக் கேட்கலாம், மற்ற இடங்களில் கேட்க வேண்டாம் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆண்ட்ராய்டைப் பொறுத்தவரை விளம்பரம்தான் சொல்லப்படாத காரணம் என்பது என் ஊகம். இலவச டார்ச் செயலிக்கு இணையத்தை மறுத்தால் அதில் விளம்பரம் வராது. இந்தக் கவலையை வெளிப்படையாகச் சொல்லுங்கள், பேசலாம். விளம்பர வீடியோவை இறக்குவதற்கும் என் டேட்டாதான் செலவாகிறது என்பதையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்வோம்.

அழுத்தம் வந்தால் நீங்கள் மாறுவீர்கள் என்பதும் தெரிந்ததே. ஆப் ஸ்டோரில் மொபைல் டேட்டா வழியாக இறக்கும் அளவுக்கு ஆப்பிள் வைத்திருந்த உச்சம் 2017இல் 150 எம்பி, 2019இல் 200 எம்பி. பெரியவர்களுக்குப் பூட்டுப் போடுவது போன்ற விதி என்று பலரும் முணுமுணுத்தார்கள். ஐஓஎஸ் 13இல் முடிவைப் பயனரிடமே விட்டார்கள்: எப்போதும் இறக்கலாம், 200 எம்பிக்கு மேல் என்றால் கேட்கலாம், எப்போதும் கேட்கலாம். செலவு செய்பவரே முடிவெடுக்கும் முறை அது. ஒழுங்குமுறை அமைப்புகளும் இதே தர்க்கத்தில் செயல்பட்டதுண்டு. 2010 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம், ரோமிங் டேட்டாவின் செலவு வரம்பில் 80 சதவிகிதத்தை எட்டியதும் எச்சரிக்க வேண்டும், வரம்பு வந்ததும் துண்டிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது.

அடுத்த பதிப்புக்கான வேலைப் பட்டியலில் இடம் குறைவு என்றால், முதலில் அந்த மூன்று விடைத் திரையை எல்லா நாட்டுப் போன்களுக்கும் கொடுங்கள். அடுத்து, வரம்புக்கான சுழற்சியைத் தேதியாகக் கேட்காமல் நாள் எண்ணிக்கையாகக் கேளுங்கள். 1 என்றும் 28 என்றும் எழுத இடம் இருந்தால் போதும். ஐபோனில் வரம்பு என்ற ஒன்று இருக்கட்டும். எச்சரிக்கை வரும்போது மொத்த அளவோடு, கடைசி ஒரு மணி நேரத்தில் அதிகம் எடுத்த செயலியின் பெயரையும் காட்டி, அங்கேயே அதை நிறுத்தும் பொத்தானையும் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு தளங்களுக்கும் டேட்டா கட்டணம் செலுத்தும் ஒரு பயனர்