அந்த பாட்டிலை நான் கழுவிவிட்டேன்

அன்புள்ள மலர்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து அதே நினைப்பாகவே இருக்கிறேன். "அப்பா, இந்த தடயவியல் மருத்துவ சீட்டை விட்டுட்டு மறுபடி நீட் பிஜி எழுதப் போறேன். குழந்தைகள் மருத்துவம் கிடைச்சா போதும். உயிரோட இருக்கறவங்களுக்கு வைத்தியம் பார்க்கணும், நாள் முழுக்க மார்ச்சுவரியில நிக்க முடியலை" என்றாய். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். நேரில் பேசினால் நடுவில் நின்றுபோகும் என்பதால் எழுதுகிறேன். சீட்டை விட்டால் கட்ட வேண்டிய பணத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அதைச் சமாளித்துக்கொள்ளலாம். உன் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

உன்னிடமும் உன் அம்மாவிடமும் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1993, மார்கழி மாதம். தாலுகா ஆஸ்பத்திரியில் நான் மருந்தாளுநராகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். அப்போதெல்லாம் மிக்சர் என்கிற திரவ மருந்தை வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவர வேண்டும். ஒரு அம்மா இரண்டரை வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் வந்தாள். நாலு நாள் காய்ச்சல். ஓ.பி. சீட்டில் டாக்டர் மிக்சர் எழுதியிருந்தார். மஞ்சப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். கடையில் வாங்கிய சிரப், அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மிச்சம் இருந்தது, லேபிள் பாதி கிழிந்திருந்தது. "இதைக் கொடுக்கலாமா, நிறுத்திடலாமா?" என்று கேட்டாள். நிறுத்திவிடச் சொன்னேன். அப்புறம் அவளாகவே, "நேத்துல இருந்து ஒண்ணுக்கே போகலைங்க" என்றாள். டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். பின்னால் அறுபது பேர் நின்றார்கள். மிச்சமிருந்த சிரப்பைத் தொட்டியில் கொட்டி, பாட்டிலைக் கழுவி, மிக்சர் ஊற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் அந்தப் பையனைத் தூக்கி வந்தார்கள். முகமெல்லாம் வீங்கி, மூச்சு வேகமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் இறந்துவிட்டான். வைரஸ் காய்ச்சல் என்று எழுதி உடம்பைக் கொடுத்துவிட்டார்கள் என்று அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்.

அந்த சிரப்பில் விஷம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருந்திருக்காமலும் போகலாம், சிறுநீரகம் கெடக் காரணங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அது என்னவென்று இனி யாராலும் சொல்ல முடியாது. எந்தக் கடை, எந்த பேட்ச், அந்த ஊரில் வேறு பிள்ளைகளும் அதைக் குடித்தார்களா, எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை என் கையாலேயே தொட்டியில் கொட்டினேன்.

இரண்டு வருஷம் கழித்து மருந்தாளுநர் பயிற்சி ஒன்றில்தான் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை விஷயத்தை முழுதாகக் கேட்டேன். 1986இல் அங்கே நோயாளிகளுக்குக் கொடுத்த கிளிசரினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது, 14 பேர் இறந்தார்கள். நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணை நடந்தது. அந்த அறிக்கையைப் பற்றி ஆசிரியர் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் காதில் "ஒண்ணுக்கே போகலைங்க" என்பது மட்டும்தான் கேட்டது. நம் சென்னையிலேயே 1972இல் இதே பொருளால் குழந்தைகள் இறந்திருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உனக்கு இந்தப் பொருளைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். தண்ணீரில் கரையாத மருந்தை சிரப்பாக்க புரோப்பிலீன் கிளைக்கால் ஊற்றுவார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் பார்ப்பதற்கு அதே போல நிறமில்லாமல், கொழகொழவென்று, இனிப்பாக இருக்கும். தொழிற்சாலை உபயோகத்துக்கு விற்பது, விலை குறைவு. கண்ணாலும் நாக்காலும் பிரித்தறிய முடியாது. வந்து இறங்கும் ஒவ்வொரு டிரம்மையும் சோதித்தால் மட்டுமே தெரியும். அந்தச் சோதனை பெரிய செலவுள்ளதும் அல்ல. அதைச் செய்யாமல் விடுகிற ஒரு நாளில்தான் எல்லாம் நடக்கிறது. உடம்புக்குள் போய் அது டைகிளைக்காலிக் அமிலமாகிறது, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அழிக்கிறது. பிள்ளைக்கு முதலில் வாந்தி, அப்புறம் சிறுநீர் நின்றுபோகும். காய்ச்சலுக்காகத்தானே சிரப்பே கொடுத்தார்கள், அதனால் எல்லாப் பழியும் காய்ச்சல் மேல் விழும். விஷம் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இப்படித்தான் ஆனது. நீ நாக்பூரில் சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன்பு. பராசியா பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிறுநீர் நின்று போனார்கள். பலரை எல்லை தாண்டி, இப்போது நீ இருக்கும் நாக்பூருக்குத்தான் கொண்டுவந்தார்கள். தொற்றா, தண்ணீரா என்று தேடினார்கள். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் இது கிருமி இல்லை, நஞ்சு என்ற பக்கம் திரும்பினார்கள். அப்புறம்தான் பல வீடுகளிலும் இருந்த ஒரு சிரப், கோல்ட்ரிஃப், கண்ணுக்குத் தெரிந்தது. நம் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்ததில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். இருக்கலாம் என்று விட்டுவைத்திருக்கிற அளவு 0.1 சதவீதம். அதற்குள் 20 பிள்ளைகளுக்கு மேல் போய்விட்டார்கள்.

அது எங்கே தயாரானது என்று உனக்குத் தெரியும். சுங்குவார்சத்திரம். காஞ்சிபுரத்திலிருந்து பூந்தமல்லி பஸ் ஏறினால் நாம் எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருப்போம்! டிவியில் அந்த ஊர்ப் பெயர் வந்த அன்று உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இறந்த பிள்ளைகள் பலருக்கு பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. பெற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பால் மணம் மாறாத உடம்பை அறுக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஆனால் கேட்க வேண்டிய விதத்தில் அவர்களிடம் யார் கேட்டார்கள்? இதோ பாரம்மா, முழுக்க அறுக்க வேண்டாம், ஊசியால் சிறுநீரகத்தில் ஒரு சிறு துண்டு, கொஞ்சம் ரத்தம், மிச்சமிருக்கும் மருந்து பாட்டில், இவ்வளவு கொடுத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்று உட்கார்ந்து சொல்கிற ஆள் வேண்டும். போலீஸ் கேஸ் என்றால்தான் உங்கள் துறைக்கு உடம்பு வருகிறது. காய்ச்சலில் இறந்த குழந்தை உங்கள் பக்கமே வருவதில்லை. இதுதான் என்னை அரிக்கிறது, பாப்பா.

1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மாத்திரையைக் குழந்தைகளுக்கு ஏற்றபடி திரவமாக்க ஒரு கம்பெனி இதே பொருளை ஊற்றி, ராஸ்பெரி வாசனையும் சேர்த்து விற்றது. 105 பேர் இறந்தார்கள், அவர்களில் 34 பேர் குழந்தைகள். டல்சா நகரத்து டாக்டர்கள், அடுத்தடுத்து சிறுநீர் நின்று இறந்தவர்கள் எல்லோரும் ஒரே மருந்தைக் குடித்தவர்கள் என்று கவனித்து சிகாகோவில் இருந்த அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்குத் தெரிவித்தார்கள். அங்கே ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். உடனே இன்ஸ்பெக்டர்கள் நாடு முழுக்க வீடு வீடாக, கடை கடையாக அலைந்து பாட்டில்களைத் திரும்ப வாங்கினார்கள். ஆறு வயது மகளை இழந்த டல்சாத் தாய் ஒருத்தி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினாள். மறுவருஷம், 1938இல், விற்பதற்கு முன் மருந்து பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்ற சட்டம் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அந்த விஷத்தை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்த குழுவில் ஒரு மாணவி இருந்தாள். பெயர் ஃப்ரான்சிஸ் ஓல்டம். கல்யாணத்துக்குப் பிறகு கெல்சி. 1960இல் தாலிடோமைடு மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கேட்டு வந்த கோப்பு, அங்கே மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசுத் துறையில் இருந்த அவர் மேஜைக்குத்தான் போனது. கம்பெனி எத்தனை முறை நெருக்கியும் அவர் கையெழுத்துப் போடவில்லை. மற்ற நாடுகளில் கை கால் குறைந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்தபோது அங்கே அது கடைக்கே வரவில்லை. அந்தக் குழந்தைகளை அவர் காப்பாற்றியது ஊசியால் அல்ல, போடாத ஒரு கையெழுத்தால்.

ஒரு டாக்டர் ஒரு நேரத்தில் ஒரு குழந்தையைப் பார்க்கிறார். விஷம் ஒரு குழந்தைக்கு மட்டும் வருவதில்லை, ஒரே தடவையில் தயாரித்த ஒரு பேட்ச் முழுக்க வருகிறது. ஜம்முவில் ராம்நகர், ஆப்பிரிக்காவில் காம்பியா, சிந்த்வாரா, சிரப் விஷத்தால் பிள்ளைகள் இறந்த எல்லா இடத்திலும் முதல் சில பிள்ளைகள் போன பிறகுதான் யாரோ ஒருவர் சேர்த்துப் பார்த்தார். அப்படிச் சேர்த்துப் பார்க்கிற வேலை உன்னுடையது. உறுப்புகளை உப்புக் கரைசலில் போட்டு சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, ஆறு மாதம் பதில் வராமல் காத்திருப்பது அலுப்பாக இருக்கிறது என்றாய். அந்த முடிவுகளை ஊர்வாரியாக, மாதவாரியாக நீயே ஒரு நோட்டில் எழுதிவைக்க முடியாதா? உன் ஆய்வேட்டுக்கு இன்னும் தலைப்பு முடிவாகவில்லைதானே. காரணம் தெரியாமல் சிறுநீர் நின்று இறந்த பிள்ளைகளைப் பற்றி உன் பேராசிரியரிடம் கேட்டுப் பார்.

இவ்வளவும் படித்துவிட்டு நீ குழந்தைகள் மருத்துவத்துக்கே போனாலும் சரி, நானே வந்து சேர்த்துவிடுகிறேன். அங்கே போனாலும், சிறுநீர் நின்ற பிள்ளை வந்தால் முதலில் அந்த அம்மாவின் பையைத் திறக்கச் சொல். பாட்டிலை வாங்கி மூடி, பேட்ச் நம்பரை எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டு. மிச்சம் எல்லாம் அப்புறம்.

தை பிறந்ததும் நாக்பூர் வருகிறேன். உன் அம்மா எள்ளுப்பொடியும் வடகமும் கொடுத்தனுப்புகிறாள். அந்தப் பையனின் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஓ.பி. சீட்டில் பார்த்தது. கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. வந்து உன்னிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா