கோடு நிற்கிறது, கால் போகவில்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 2ஜி பட்டன் போனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கிறது, டயல் செய்தால் கால் உடனே அறுந்துவிடுகிறது, பி.எஃப்.ஓ.வை (அலைக்குப் பலம் ஏற்றும் ஐ.சி.யை) மாற்றிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஐ.சி. கழற்றும் ஹாட் ஏர் கன்னைக் கொஞ்சம் கீழே வை. டவர் பேசுவது போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் அந்தக் கோடு சொல்லும். போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பது அதில் தெரியாது.

முதலில் வேறு சிம் போட்டு நெட்வொர்க்கைக் கையால் தேடிப் பார். பெயர்ப் பட்டியல் வந்தால் வாங்கும் பக்கம் சரி. அந்த சிம்மின் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தும் பதிவாகவில்லை என்றால் அனுப்பும் பக்கத்தைச் சந்தேகப்படலாம்.

அனுப்பும் பக்கத்தில் பேச்சு எண்களாகி, பேஸ்பேண்டிலிருந்து (அந்த எண்களைக் கையாளும் சிப்) ஐ, க்யூ என்ற இரட்டைச் சிக்னலாக ஆர்.எஃப். ஐ.சி.க்கு (ரேடியோ அலையை உருவாக்கும் சிப்) போகிறது. அங்கே 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பிடித்துக்கொண்டு 900 மெகாஹெர்ட்ஸ் பேண்டின் அலை உருவாகிறது. பிசகு 90 ஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. டவரின் அலையைக் கேட்டே போன் தன்னைத் திருத்திக்கொள்ளும். கிரிஸ்டல் கெட்டிருந்தால் வாங்குவதும் படுத்திருக்கும், ஆகவே அதை விட்டுவிடு.

ஆர்.எஃப். ஐ.சி. தருவது சில மில்லிவாட்தான். முழு பலத்தில் பவர் ஆம்ப்ளிஃபையர், அதாவது பி.ஏ. (உன் பி.எஃப்.ஓ.தான்) அதைச் சுமார் 3 வாட்டுக்கு ஏற்றினால், ஆன்டெனா சுவிட்சிலும் வழியிலும் கரைந்தது போக 2 வாட் ஆன்டெனாவுக்குத் தேறும். அதுவும் தொடர்ச்சியாக அல்ல, 4.615 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, 577 மைக்ரோசெகண்டு மட்டும். செகண்டுக்கு 217 துடிப்பு. ரேடியோ பக்கத்தில் போனை வைத்தால் டிர்ர் என்று உறுமுகிறதே, அது இதுதான்.

ஒவ்வொரு துடிப்புக்கும் பி.ஏ. பேட்டரியிலிருந்து நேராக 1.5 முதல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய பேட்டரியின் உள் எதிர்ப்பு 0.3 ஓம் ஆகியிருந்தால் 2 ஆம்பியருக்கு 0.6 வோல்ட் உள்ளேயே போய்விடும். 3.7 வோல்ட் பேட்டரி அந்த நொடித்துளியில் 3.1 ஆகிவிடும், போன் தாங்காமல் அணைந்து எழும். மல்டிமீட்டர் சராசரியைக் காட்டுவதால் இது கண்ணில் படாது. துருப்பிடித்த பேட்டரி முள்ளும் இதே வேலையைச் செய்யும். பாதி டிரான்ஸ்மிட்டர் கோளாறு ரேடியோ கோளாறே இல்லை, கரண்ட் கோளாறு என்பது என் கட்சி.

அதனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு டி.சி. சப்ளையில் 4 வோல்ட், 3 ஆம்பியர் லிமிட் வைத்து மாட்டு. முள் உள்ள ஆம்மீட்டர் என்றால் நல்லது. பவர் பட்டனைத் தொடும் முன்பே முள் ஏறி நின்றால், பேட்டரி லைனில் ஷார்ட், பி.ஏ. அந்த லைனிலேயே உட்கார்ந்திருப்பதால் முதல் சந்தேகம் அதன் மேல். போர்டில் ஐ.பி.ஏ. (துடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தடவு; எங்கே முதலில் காய்கிறதோ அங்கே சூடு, ஷார்ட்டும் அங்கேதான். ஷார்ட் இல்லை, டயல் செய்தும் முள் அசையவில்லை என்றால், பி.ஏ.வுக்கு சப்ளையோ கட்டளையோ வரவில்லை, அல்லது அது செத்துவிட்டது. முள் துள்ளியும் கால் நிற்கவில்லை என்றால் பி.ஏ.வுக்கு அப்பால் போ: ஆன்டெனா சுவிட்ச், டெஸ்ட் கனெக்டர், ஆன்டெனா ஸ்பிரிங். ஸ்பிரிங் வளைந்து தன் பேடை (அது தொட வேண்டிய உலோகத் திட்டை) தொடாமல் நின்றால், போன பலம் திரும்பி வந்து பி.ஏ.வையே சுடும். புது ஐ.சி.யும் ஒரு நாள் அப்படித்தான் போகும். முதலில் ஸ்பிரிங்கை நிமிர்த்தி, பேடைத் துடைத்துப் பார்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், பி.ஏ.வின் வயிற்றுக்கடியில் உள்ள பெரிய கிரவுண்டு பேடைக் கவனி. ஈயம் அதிகமானால் ஐ.சி. தூக்கிக்கொண்டு ஓரக் கால்கள் ஒட்டாது. குறைந்தால் சூடு இறங்க வழியில்லாமல் சீக்கிரம் வேகும். கண்ட ஃபைலைப் போட்டு ஃபிளாஷ் செய்து (போனின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதி) விடாதே, பி.ஏ.வை எந்தப் பலத்துக்கு எவ்வளவு ஓட்டுவது என்ற கேலிப்ரேஷன் கணக்கு மெமரியில் இருக்கிறது. அது அழிந்தால் நல்ல பி.ஏ.வும் கோணலாகத்தான் பேசும்.

டயல் செய்தபோது முள் எவ்வளவு துள்ளியது, எத்தனை நொடியில் கால் அறுந்தது, இரண்டையும் குறித்து எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்